டாக்டர் ஐடாவின் டைரி எங்கே இருக்கிறது?

நம்மில் பலர் பிறந்தது கோஷா ஆஸ்பத்திரியில். சேப்பாக்கம் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைக்கு வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் சொல்லும் பெயர் அது. ஆண் டாக்டரிடம் போக மறுத்த பெண்களுக்காக 1885-இல் டாக்டர் மேரி ஷார்லீப் தொடங்கியது.

அந்த மறுப்பின் விலையைத் திண்டிவனத்தில் நேரில் பார்த்தவர் ஐடா ஸ்கடர். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர். பிரசவ வேதனையில் இருந்த மனைவியரைக் காப்பாற்றச் சொல்லி ஒரே இரவில் மூன்று பேர் வந்தார்கள். ஐடாவோ டாக்டர் இல்லை. டாக்டரான அவர் அப்பாவை அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1900-இல் வேலூர் திரும்பினார். 1902-இல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான்.

அவருடைய கடிதங்கள், டைரிகள், புகைப்படங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் உள்ளன. கடல் கடந்து போய்விட்டதே என்று சிலர் வருத்தப்படலாம். எனக்கு இல்லை; பத்திரமாக இருக்கிறதே! நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் காகிதங்களும் டெல்லி தீன்மூர்த்தி வளாகத்தில்தான். பிறந்த குழந்தைக்கு முதல் நிமிடமும் ஐந்தாம் நிமிடமும் போடும் ‘ஆப்கார்’ மதிப்பெண் உங்கள் வீட்டு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இருக்கலாம். 1952-இல் அதை வகுத்த வர்ஜீனியா ஆப்காரின் காகிதங்களை அவர் படித்த மவுண்ட் ஹோலியோக் கல்லூரியே காக்கிறது.

பாடப்புத்தகத்தில் முடிவுதான் இருக்கும். என்னென்ன செய்து பார்த்தார்கள், பணத்துக்கு யாரிடம் கேட்டார்கள் என்பதெல்லாம் கடிதத்திலும் நோட்டுப் புத்தகத்திலும்தான்.

கோபாலபுரத்தில் தனி வீடு இடிந்து அடுக்குமாடி ஆகும்போது முதலில் காலியாவது பரண். பாட்டியோ அத்தையோ டாக்டராக இருந்த குடும்பங்கள் நம் குடியிருப்பிலும் உண்டு. பழைய பிரசவ நோட்டு, கடிதக் கட்டு ஏதாவது இருந்தால் துருப்பிடித்த பின்னையும் ரப்பர் பேண்டையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கட்டு இருந்த வரிசையைக் கலைக்காமல், ஈரச் சுவரிலிருந்து தள்ளி, அலமாரியின் நடுத்தட்டில் வையுங்கள். நோயாளிகளின் பெயர் இருக்கும் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அது அடுத்தவர் அந்தரங்கம்.

தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. அறிவியலாளர்களின் சொந்தக் காகிதங்களைச் சேர்க்க பெங்களூரு என்.சி.பி.எஸ். வளாகத்தில் ஓர் ஆவணக் காப்பகமும் உண்டு. பழைய பேப்பர்காரரைக் கூப்பிடும் முன் இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள்.