மூச்சுக் கணக்கு

பெங்களூருக்குக் குடிவந்த நம்மூர்க் குடும்பங்கள் நாலு ஓரிடத்தில் சேர்ந்தால், தண்ணீர் லாரி, வீட்டு அட்வான்ஸ், ஆட்டோக்காரர் எல்லாம் பேசி முடித்தபின் கடைசியில் ஒரு பேச்சு வந்தே தீரும். "ஊர்ல இருந்தவரைக்கும் புள்ளைக்கு ஒண்ணும் இல்லைங்க. இங்க வந்த ரெண்டாவது வருஷம் வீசிங்." ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் மட்டும் நெபுலைசர் உள்ள வீடுகள் ஐந்து எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் மெஷின் கெட்டால் அடுத்த வீட்டில் இரவல் வாங்கிக்கொள்வோம். மாஸ்க் மட்டும் அவரவருடையது.

இது நம் மனப்பிரமை இல்லை. பெங்களூரின் குழந்தை மருத்துவர் எச். பரமேஷ் 18 வயதுக்குட்பட்ட 20,000 பேரை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டிருக்கிறார். ஆஸ்துமா உள்ளவர்கள் 1979இல் 9 சதவீதம், 1989இல் 18.5, 1999இல் 29.5. இருபது வருஷத்தில் மூன்று மடங்குக்கு மேல். மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளின் கணக்கு இது, வீடு வீடாகப் போய் எடுத்ததல்ல. அதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இருந்தாலும் ஏறுமுகம் ஏறுமுகம்தானே.

என் மகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தவள்தான். வயது 11. சென்ற வருஷம் அவளை ஒரு சின்ன மெஷினில் ஊதச் சொன்னார்கள். 48 என்று ஒரு எண் வந்தது. "பார்க்க நல்லாத்தான் இருக்கா, ஆனா உள்ளே வீக்கம் அடங்கலை. இன்ஹேலரைக் குறைக்க வேண்டாம்" என்றார் டாக்டர். வீட்டில் நாங்கள் ஸ்டெராய்டைக் குறைக்கலாம் என்று ஆசையாகக் கணக்குப் போட்டு வைத்திருந்த நேரம் அது. பில்லைப் பார்த்த என் மனைவி கேட்டது: "ட்ராஃபிக் போலீஸ் ஓசியிலேயே ஊதச் சொல்றாரே, இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காசு?"

நியாயமான கேள்வி. நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுபவன். வேதியியலோடு என் உறவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் தேடிப் படித்தபோது, இது எனக்குப் புரிகிற விஷயம்தான் என்று தெரிந்தது. மூச்சை அளக்கும் கருவிகளின் வரலாறு முழுக்க, பெரிய தொகையிலிருந்து சின்னத் தொகைக்கு இறங்கி வந்த கதை.

முதல் ஆள் நம்ம ஜாதி :-) அதாவது கணக்கு ஜாதி. பிரான்சின் லவாய்சியேவை வேதியியலின் தந்தை என்பார்கள். சம்பாத்தியத்துக்கு அவர் செய்தது அரசரின் வரிவசூல் குத்தகையில் பங்குதாரர் வேலை. பாரீஸின் டிஸ்கவுண்ட் வங்கி நிர்வாகத்திலும் இருந்தவர். உள்ளே போனதும் வெளியே வந்ததும் டாலி ஆக வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. 1780களில் கினிப்பன்றியையும் பிறகு தன் உதவியாளர் செகானையும் வைத்து, நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் குறைகிறது, விடும் காற்றில் கரியமில வாயு கூடுகிறது, மூச்சு என்பது மெதுவாக எரியும் அடுப்பு என்று காட்டினார். முகமூடி மாட்டிய செகான் மூச்சு விட, தான் மேசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதை அவர் மனைவி மரி-ஆன் படமாகவே வரைந்து வைத்திருக்கிறார். வரி வசூலித்த பாவத்துக்கு 1794இல் லவாய்சியேயின் தலை கில்லட்டினில் போயிற்று.

அவர் அளந்த கரியமில வாயு நம் வெளிமூச்சில் நூற்றுக்கு சுமார் 4. நூறு ரூபாயில் நாலு ரூபாய். அதைக் கண்டுபிடிப்பது பெரிய கஷ்டமில்லை. இன்றைக்கும் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் அலை அலையாக ஒரு கோடு ஓடுகிறதே, அதுவும் இந்த நாலு ரூபாயைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

அடுத்த படி சாராயம். இன்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோலா ஹார்கர் 1931இல் பலூனில் ஊத வைக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஊதா நிற பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் அந்தக் காற்றை விட்டால், மது இருந்தால் நிறம் போய்விடும். பெயர் ட்ரங்கோமீட்டர், கிண்டல் இல்லை, நிஜப் பெயரே அதுதான். 1954இல் அதே இன்டியானாவின் போலீஸ்காரர் போர்க்கென்ஸ்டைன் இன்னும் எளிதாகக் கையாளக்கூடிய கருவி ஒன்றைச் செய்து ப்ரீத்தலைசர் என்றார். நம் போலீஸ் கையில் இருப்பதில் நிறம் மாறும் வேலை பெரும்பாலும் கிடையாது. பிளாட்டினத் தகட்டில் மது எரிந்து அசிட்டிக் அமிலமாகும்போது வரும் மின்சாரத்தை அளக்கிறார்கள். ரத்தத்தில் உள்ளது நுரையீரல் காற்றில் 2100இல் ஒரு பங்காக வரும் என்பது இந்தக் கருவிகளின் வழக்கமான கணக்கு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன், மூச்சில் பத்து லட்சத்துக்கு சுமார் 75 பங்கு வருகிறது. பத்து லட்ச ரூபாயில் 75 ரூபாய். கொஞ்சம் கவனமான காஷியர் பிடித்துவிடுவார்.

இப்போது என் மகளின் 48. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு, அளவு பிபிபி. நூறு கோடிக்கு 48 பங்கு. நூறு கோடி ரூபாய்க் கட்டுகளுக்குள் 48 ரூபாய் சில்லறை எங்கே என்று தேடுகிற வேலை! போலீஸ்காரர் அளப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறிய தொகை. என் மனைவியின் கேள்விக்குப் பதில் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இந்த வாயுவின் கதை வேடிக்கையானது. ரொம்ப நாள் இதை வண்டிப் புகையில் வரும் சனியன் என்று மட்டுமே உலகம் நினைத்தது. 1980களில்தான் நம் ரத்தக்குழாய்களே இதைச் சுரக்கின்றன என்று தெரிந்தது. அதைக் கண்ட ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல். இதற்கிடையே 1991இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் குஸ்டாஃப்ஸன் குழு, முயல், கினிப்பன்றி, மனிதன் மூவரின் வெளிமூச்சிலும் இது இருப்பதைக் கண்டது. கருவி? ஓசோனோடு இந்த வாயு சேரும்போது வரும் மெல்லிய வெளிச்சத்தை அளக்கும் பெட்டி. வண்டிப் புகையைச் சோதிக்கப் பயன்பட்டதும் அதே உத்திதான். 1993இல் ஷெல் ஆல்விங் குழு, ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சில் இது அதிகம் என்று காட்டியது. மூச்சுக்குழாயில் ஒவ்வாமை வகை வீக்கம் இருந்தால் அங்குள்ள செல்கள் இதைக் கூடுதலாகத் தயாரிக்கின்றன. ஸ்டெராய்டு இன்ஹேலர் இழுத்தால் குறைகிறது.

அடுத்த தலைவலி மூக்கு. மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளில் இதே வாயு பல மடங்கு அதிகம். அது கலந்தால் கணக்கு நாசம். அதற்குச் செய்த ஏற்பாடு எளிமையானது. ஊதும் குழாயில் ஒரு தடை வைத்தார்கள். அதை எதிர்த்து ஊதும்போது அண்ணத்தின் பின்பகுதி தானாக மேலே ஏறி மூக்கு வழியை அடைத்துவிடும். வேகமும் விநாடிக்கு 50 மில்லி என்று நிர்ணயம், ஏனென்றால் வேகமாக ஊதினால் எண் குறையும், மெதுவாக ஊதினால் கூடும். அதனால்தான் திரையில் ஒரு பொம்மையைக் காட்டி, அது எல்லை தாண்டாமல் பிள்ளைகளை ஊதச் சொல்கிறார்கள். பெரிய பெட்டிக்கு அமெரிக்காவில் 2003இல் அனுமதி கிடைத்தது, கையடக்கக் கருவிக்கு 2008இல். 2011இல் அமெரிக்க மார்பு நோய் மருத்துவர் சங்கம் வரம்பு வகுத்தது. பெரியவர்களுக்கு 25க்குக் கீழே குறைவு, 50க்கு மேல் அதிகம். பிள்ளைகளுக்கு 20, 35.

சரி, 48 என்றால் வேதவாக்கா? இல்லை. 2005இல் நியூசிலாந்தில் இந்த எண்ணைப் பார்த்து மருந்து கொடுத்தபோது ஸ்டெராய்டு அளவு நன்றாகக் குறைந்தது, தாக்குதல்கள் கூடவில்லை. 2008இல் அமெரிக்க நகரங்களில் 546 இளவயதினரிடம் இதே முயற்சி செய்தார்கள், மருந்தின் அளவு கூடியது, அறிகுறிகளில் சொல்லும்படி லாபமில்லை. ஒவ்வாமை வகை அல்லாத ஆஸ்துமாவில் எண் உயராமலே இருக்கலாம். எங்கள் டாக்டரும் எண்ணை மட்டும் பார்க்கவில்லை, இரவு இருமல் உண்டா, ஓடினால் இளைக்கிறதா என்று அரை மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் சொன்னார். கடன் விண்ணப்பத்தில் சிபில் ஸ்கோர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உதவும், ஆனால் அதை மட்டும் பார்த்துக் கடன் கொடுக்கிற மேனேஜர் சீக்கிரம் மாட்டிக்கொள்வார்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒற்றைப் பொருளைத் தேடும் கருவிகள். இன்னொரு பாதையும் உண்டு. 1971இல் லைனஸ் பாலிங் மூச்சைக் குளிர்ந்த குழாயில் உறைய வைத்துப் பிரித்தபோது சுமார் 250 பொருள்கள் தெரிந்தன. அன்றிலிருந்து, மொத்த வாசனையையும் முகர்ந்து நோயைச் சொல்லும் மின்னணு மூக்கு என்ற கனவு ஓடிக்கொண்டிருக்கிறது. கொரோனா காலத்தில் அது நம் வாசல் வரை வந்தது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம், ப்ரீத்தோனிக்ஸ் கருவிக்கு அங்கே 2021 மே மாதம் தற்காலிக அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் இன்ஸ்பெக்ட்ஐஆர் கருவிக்கு 2022 ஏப்ரலில் அவசர அனுமதி. 2,409 பேரிடம் செய்த சோதனையில் நோய் உள்ளவர்களில் 91.2 சதவீதம் பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 99.3 சதவீதம் பேரைச் சரியாக விட்டது.

பிரமாதமாகத் தோன்றுகிறதா? என்னோடு ஒரு நிமிஷம் கணக்குப் போடுங்கள். ஊரில் பத்தாயிரம் பேர், அதில் பத்துப் பேருக்குத்தான் நோய் என்றால், கருவி ஒன்பது பேரைப் பிடிக்கும். நோயில்லாத 9,990 பேரில் 0.7 சதவீதம், அதாவது 70 பேரையும் பிடிக்கும். கையில் சிக்கிய 79 பேரில் 70 பேர் அப்பாவிகள். கார்டு மோசடி எச்சரிக்கை பார்ப்பவர்களுக்கு இது தினசரி அனுபவம். அதனால்தான் அந்தக் கருவி காட்டினாலும் தனியே ஒரு சோதனையில் உறுதி செய்ய வேண்டும் என்று அனுமதியிலேயே எழுதினார்கள்.

நம் வீடுகளில் இன்னொரு எதிர்பார்ப்பு சர்க்கரை. ஊசி குத்தாமல் ஊதியே பார்க்க முடியாதா என்று என் அம்மா கேட்காத நாளில்லை. மூச்சில் அசிட்டோன் இருப்பது உண்மை, தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் ஜான் போஸ்கோ பாலகுரு ராயப்பன் குழு துத்தநாக ஆக்சைடு சென்சார்களில் இதற்காகப் பல வருஷமாக உழைக்கிறது. அதற்கு முன்னோடி, ஜப்பானில் நவோயோஷி டகுச்சி 1962இல் கேஸ் கசிவைப் பிடிக்கச் செய்த உலோக ஆக்சைடு சென்சார். சூடான ஆக்சைடின் மேல் வாயு பட்டால் மின்தடை மாறும், அவ்வளவுதான் தத்துவம். இங்கே பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யில் நவகாந்த பட் குழுவும் காற்று மாசை அளக்க இதே குடும்பத்து சென்சார்களை ஒரே சில்லில் அடுக்கியிருக்கிறது.

ஆனால் அசிட்டோன் சர்க்கரையின் நேரடி ரசீது இல்லை. உடம்பு கொழுப்பை எரிக்கும்போதெல்லாம் வரும். சஷ்டி விரதம் இருந்தாலும் கூடும், பேலியோ டயட்டிலும் கூடும். போதாததற்கு மூச்சில் நிறைந்திருக்கும் ஈரமும் இந்த வகை சென்சாரைக் குழப்பும். ஆகவே அம்மாவிடம் "இன்னும் கொஞ்ச நாள் குத்திக்கோம்மா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். இதைக் காரணம் காட்டி குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போடும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

பிள்ளையை நைட்ரிக் ஆக்சைடு சோதனைக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு: ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, தண்ணீர் எதுவும் வேண்டாம். கீரை, பீட்ரூட் சாப்பிட்டால் எண் கூடும். சளி பிடித்திருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்தில் சிகரெட் பிடிக்கும் ஆள் இருந்தால் அதையும். அன்றைக்கே ஸ்பைரோமெட்ரியும் எடுப்பதாக இருந்தால் இதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அதில் பலமாக ஊதிய பிறகு எடுத்தால் இந்த எண் இறங்கிக் காட்டும்.