பிஐஎல் முதல் பில்லோ வரை: ஒரு திறமூலப் பட நிரலகத்தின் தேக்கமும் தொடர்ச்சியும்

முன்னுரை

பைதான் மொழியில் படங்களைத் திறக்கவும் வெட்டவும் அளவு மாற்றவும் வேறு வடிவத்தில் சேமிக்கவும் இன்று பரவலாகப் பயன்படுவது ‘பில்லோ’ என்னும் திறமூல நிரலகம். இதற்கு முன்னோடி, 1995இல் தொடங்கிய ‘பைதான் இமேஜிங் லைப்ரரி’, சுருக்கமாக, பிஐஎல். முன்னோடி 2009க்குப் பின் புதிய வெளியீடு காணவில்லை. அதிலிருந்து பிரிந்த கிளையோ தொடர்ந்து வளர்ந்துவருகிறது. மூலநிரல் ஒன்றாக இருந்தும் இரண்டின் கதி வேறுபட்டது ஏன்? வெளியீட்டுக் குறிப்புகள், உரிம வாசகம், நிரலின் அமைப்பு ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதை ஆராய்கிறது. திறந்த உரிமம் ஒரு நிரலுக்கு வாரிசு வர வழிவிடுகிறது. அந்த நிரலை வாழவைப்பது முறை தவறாத பராமரிப்பே என்பது இதன் துணிபு.

தோற்றமும் அமைப்பும்

பிஐஎல்லை உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த பிரெட்ரிக் லுண்ட். பைதானின் சுருங்குறித்தொடர் இயந்திரமும் எக்ஸ்எம்எல் ஆவணங்களைக் கையாளும் எலிமென்ட்ட்ரீயும் அவர் ஆக்கங்களே. 2021இல் அவர் மறைந்தார்.

அவர் வகுத்த அமைப்பு இரண்டு அடுக்குகள் கொண்டது. படப்புள்ளிகளைக் கணக்கிடும் கடும் வேலையை சி மொழியில் எழுதிய உட்கரு செய்கிறது; பயனர் தொடும் மேலடுக்கு பைதானில் இருக்கிறது. ஒரு படத்தைத் திறக்கும்போது கோப்பின் தலைப்பகுதி மட்டுமே படிக்கப்படும். புள்ளித் தரவு தேவைப்படும்போதுதான் நினைவகத்துக்கு வரும். ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப் போன்ற ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனிச் செருகுநிரல் உண்டு. ஆகவே, ஒரு வடிவத்தின் பிழையைத் திருத்த மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. பின்னாளில் பலர் கூடிப் பணியாற்ற இந்தப் பிரிவினை கைகொடுத்தது.

தேக்கம்

2009 நவம்பரில் வந்த 1.1.7 பிஐஎல்லின் கடைசி வெளியீடு. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே பைதான் 3 வெளிவந்துவிட்டது, 1.1.7 அதில் இயங்கவில்லை. நிறுவுவதும் எளிதாக இல்லை. பைதான் உலகில் அப்போது பரவிவந்த தானியங்கி நிறுவல் கருவிகளோடு அது ஒத்துப்போகவில்லை. ஜேபெக் நிரலகம் கணினியில் அகப்படாவிட்டாலும் நிறுவல் வெற்றி பெற்றதுபோல் முடிந்துவிடும். பிறகு படத்தின் புள்ளித் தரவைப் படிக்கும்போதுதான் ஜேபெக் குறிவிலக்கி இல்லை என்ற பிழைச்செய்தி வரும். பட உட்கரு நன்றாகவே இயங்கியது. அது பயனரைச் சென்றடையும் வழியே அடைபட்டிருந்தது.

கிளை பிறந்த விதம்

இந்த அடைப்பை நீக்கவே 2010இல் அலெக்ஸ் கிளார்க் பில்லோவைத் தொடங்கினார். அவர் பைதானில் எழுதப்பட்ட உள்ளடக்க மேலாண்மை அமைப்பான ப்ளோன் சமூகத்தைச் சேர்ந்தவர். தொடக்க வெளியீடுகள் பொதியமைப்பையே சீர்செய்தன. படங்களைக் கையாளும் நிரலில் மிகச் சில மாற்றங்களே நிகழ்ந்தன. பதிப்புரிமைக் குறிப்பைக் காத்துக்கொண்டு எந்த நோக்கத்துக்கும் நகலெடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற பிஐஎல் உரிமம் இதற்கு இடமளித்தது.

2013 மார்ச்சில் வந்த பில்லோ 2.0 திருப்புமுனையாக அமைந்தது. பைதான் 3 ஆதரவும் பலர் அனுப்பிய திருத்தங்களும் அதில் சேர்ந்தன. நிரலுக்குள் அழைக்கும் பெயரைப் பில்லோ ‘பிஐஎல்’ என்றே விட்டுவைத்ததால் பழைய நிரல்கள் சிறு மாற்றத்தோடு புதியதற்கு மாற முடிந்தது. மூன்று மாதங்களுக்கு ஒரு வெளியீடு, தானியங்கிச் சோதனை, முன்பே தொகுத்த பொதிகள் ஆகியவை பின்னர் வழக்கமாயின. இணையத்தில் யாரோ பதிவேற்றும் படத்தைத் திறக்கும் நிரலகத்துக்கு இந்த ஒழுங்கு பாதுகாப்புக் கவசமும் ஆகும்: குறிவிலக்கியில் ஓட்டை தெரியவந்தால் திருத்தம் விரைவில் பயனரை எட்டுகிறது.

தமிழ் எழுத்துருவின் சான்று

படத்தின் மேல் எழுத்து வரையும் வசதி இந்தத் தொடர்ச்சியின் பயனைத் தமிழருக்கு நேரடியாகக் காட்டுகிறது. யுனிகோடில் ‘கெ’ என்பது ககரம் முதலிலும் எகரக் குறி அடுத்தும் சேமிக்கப்படுகிறது; பார்வைக்கோ குறி இடப்பக்கம் வர வேண்டும். பழைய வரையும் முறை சேமித்த வரிசையிலேயே உருக்களை அடுக்கியதால் கொம்பு வலப்பக்கம் போய் நின்றது. ‘கு’ போன்ற எழுத்துகளில் ககரமும் உகரக் குறியும் ஒட்டாமல் தனித்தனியே நின்றன.

2017 ஜூலையில் வந்த பில்லோ 4.2 இதற்கு வழி கண்டது. எழுத்துகளுக்கு உரிய உருவைத் தரும் ஹார்ஃப்பஸ், இருதிசை எழுத்தோட்டத்தைக் கவனிக்கும் ஃப்ரிபிடி, இவற்றை இணைக்கும் ராக்ம் ஆகிய மூன்றும் விருப்பத் துணைகளாகச் சேர்ந்தன. ராக்மின் பதிப்புரிமைக் குறிப்பில் ஓமான் நாட்டின் தகவல் தொழில்நுட்ப ஆணையத்தின் பெயர் இருக்கிறது. அரபு உலகில் நடந்த அந்த உழைப்பு தமிழுக்கும் பயன்பட்டது. 8.2 வெளியீட்டிலிருந்து தொகுத்த பொதிகளிலேயே ராக்ம் வருகிறது. எனினும் ஃப்ரிபிடி கணினியில் இருந்தால்தான் அது செயல்படும். 2009இல் உறைந்துபோன நிரலில் இந்த மூன்றுக்கும் இடமே கிடைத்திருக்காது.

முடிவுரை

பிஐஎல் உறங்கிய காலத்திலும் அதன் உரிமம் திறந்தே இருந்தது. ஆனால் யாரோ ஒருவர் முன்வந்து நிறுவல் சிக்கலை அவிழ்த்த பிறகே அந்த உரிமை பயனுள்ளதாயிற்று. பலர் சேர்ந்து காலம் தவறாமல் வெளியிடத் தொடங்கிய பிறகே புதிய திறன்கள் வந்து சேர்ந்தன. கட்டியவரின் மேதைமையோடு காப்பவர்களின் உழைப்பையும் எழுதினால்தான் திறமூல வரலாறு முழுமை பெறும். தமிழ்க் கணிமைக்கும் இதில் ஒரு கடமை உண்டு: தமிழ் எழுத்துகள் சரியாக வரையப்படுகின்றனவா என்பதற்கான சோதனைகளையும் பிழையறிக்கைகளையும் இத்தகைய நிரலகங்களுக்கு நாமே தொடர்ந்து வழங்க வேண்டும்.