சாமிநாதன்: சுவாமிமலை தந்த பெயர்

காவிரிப் படுகையில் ஊர்ச் சாமியின் பெயர்தான் பிள்ளையின் பெயர். திருவாரூர்ப் பக்கம் தியாகராஜன், மன்னார்குடிப் பக்கம் ராஜகோபாலன், வைத்தீஸ்வரன்கோயில் வட்டாரத்தில் வைத்தியநாதன். கும்பகோணத்தை ஒட்டிய கிராமங்களில் சாமிநாதன்.

அது சுவாமிமலை முருகனின் திருநாமம். சமவெளியில் எழுப்பிய கட்டுமலை அந்தக் கோயில். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கும் ஆண்டுக்கு ஒன்றாக 60 படிகள். ஆறுபடை வீடுகளில் நான்காவது. பிரணவத்தின் பொருளைப் பிள்ளை சொல்ல, தகப்பனாகிய சிவபெருமான் கைகட்டி, வாய் பொத்திக் கேட்ட இடம் என்பது தலபுராணம். சுவாமிக்கே குருநாதன் ஆனதால் சுவாமிநாதன். பேச்சில் சாமிநாதன், செல்லமாகச் சாமா.

இந்தப் பெயர் தமிழ் உலகில் நிலைத்ததற்கு ஓர் ஆசிரியரின் பிரியமும் காரணம். உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் 1855-ல் பிறந்த பையனுக்கு இட்ட பெயர் வேங்கடராமன். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கச் சேர்ந்தான். வீட்டில் வேறு பெயர் உண்டா என்று பிள்ளையவர்கள் விசாரித்தார். சாமா என்று கூப்பிடுவார்கள், சாமிநாதன் என்பதன் சுருக்கம் அது என்றான் மாணவன். ஆசிரியருக்கு அது பிடித்துப் போயிற்று. அன்று முதல் அப்படியே அழைத்தார். வேங்கடராமன் மறைந்து, உ.வே. சாமிநாதையர் உருவானார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 1887-ல் சீவக சிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு என்று அவர் பதிப்புகள் வந்தன. செல்லரித்த ஏடுகளிலிருந்து நம் முன்னோர் எழுத்தை மீட்டுத் தந்தவரை, ஆசிரியர் ஆசையாய் அழைத்த பெயரால்தான் இன்றும் வணங்குகிறோம்.

அதே கும்பகோணத்தில் 1925 ஆகஸ்ட் 7 அன்று, சாம்பசிவன் என்ற மருத்துவருக்கு மகனாகப் பிறந்தார் எம்.எஸ். சுவாமிநாதன். தந்தை பெயரில் சிவன், மகன் பெயரில் சிவகுரு! பசுமைப் புரட்சிக்கு வழிவகுத்த அவர், 1982 முதல் 1988 வரை பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். நெல் விளையும் சீமையில் பிறந்தவருக்கு அதைவிடப் பொருத்தமான பதவி எது? மறைவுக்குப் பின் 2024-ல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

வயதில் சிறியவன் சொன்னாலும் அறிவு அறிவுதான். அதைப் பெரியவர் பணிந்து கேட்பதில் இழுக்கில்லை. சுவாமிமலைக் கதை சொல்வது இதைத்தான். அந்தக் கதையையே பிள்ளைக்குப் பெயராகச் சூட்டிய தஞ்சைச் சீமையின் மனசு பெரியது. உங்கள் வீட்டில் ஒரு சாமிநாதன் இருந்தால், இந்தக் கதையை அவருடைய பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: மன்னார்குடி ராஜகோபாலன்)