இடைக்கால வரலாறு படித்தவர்கள் எங்கே போனார்கள்?

பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இஞ்சினியரிங், மருத்துவம், சி.ஏ. என்று மூன்று நான்கு வழிகள். அதற்குள் எது என்பதுதான் கேள்வி. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பெண்ணோ பிள்ளையோ, "எனக்கு ஹிஸ்டரிதான் வேணும், எம்.ஏ.வில் மெடீவல் எடுக்கப் போறேன்" என்று சொன்னால் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் யாராவது ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்பார்: "அதைப் படிச்சிட்டு என்ன வேலைக்குப் போறது?"

இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். வேலையைப் பற்றி நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் இதற்குப் பதிலை வேலைவாய்ப்புக் கையேட்டில் தேடுவதைவிட வரலாற்றிலேயே தேடலாம் என்பது என் எண்ணம். நமக்கு முன்னால் இதைப் படித்தவர்கள், இந்தத் துறையில் உழைத்தவர்கள், என்ன ஆனார்கள்? அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர் யார்?

முதலில் 'இடைக்காலம்' என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். 1817-இல் ஜேம்ஸ் மில் எழுதிய வரலாற்று நூல் நம் நாட்டின் காலத்தை இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் என்று மூன்றாக வெட்டியது. பிற்காலத்தில் அதையே பண்டைக்காலம், இடைக்காலம், தற்காலம் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டோம். வடக்கே டில்லி சுல்தானியம் தோன்றிய 1206-ஐ ஒட்டி இடைக்காலத்தைத் தொடங்குவது நெடுநாள் வழக்கம். தெற்கே அந்தக் கணக்கு ஒத்துவராது. பல்லவர் எழுந்த ஆறாம் நூற்றாண்டிலிருந்து சோழர், பாண்டியர், போசளர், விசயநகரம், நாயக்கர் வரை ஒரே நீரோட்டமாகப் பார்த்தால்தான் நமக்கு அது புரியும். ஆகவே அலிகாரில் இடைக்காலம் படிப்பவருக்குப் பாரசீகம் வேண்டும். தென்னாட்டு இடைக்காலம் படிப்பவருக்குத் தமிழும் கன்னடமும் தெலுங்கும் சமஸ்கிருதமும் வேண்டும், கூடவே கல்லில் உள்ள பழைய எழுத்தைப் படிக்கும் கண்ணும் வேண்டும். பட்டம் ஒன்றுதான், அதன் உள்ளே இருக்கும் படிப்பு வேறு வேறு. வேலை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

தென்னாட்டில் இந்தப் படிப்புக்கென்று முதன்முதலில் ஒரு நாற்காலி போட்டது பல்கலைக்கழகம் அல்ல, அரசாங்கம். 1886-இல் ஜெர்மானியரான ஹுல்ட்ஸ் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்டார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. அவருக்கு உதவியாக வந்தவர் ஆரணிப் பக்கத்து வளையாத்தூரைச் சேர்ந்த வெங்கையா. உதவியாளராகச் சேர்ந்த இவர் 1908-இல் இந்திய அரசின் தலைமைக் கல்வெட்டாய்வாளர் ஆனார். 1912-இல் காலமாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். பின்னர் கிருஷ்ண சாஸ்திரி வந்தார். ஊர் ஊராகப் போய், கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படிகள் இவர்கள் காலத்தில்தான் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க அன்று தனியாக ஒரு கல்லூரி கிடையாது. அலுவலகமே பள்ளிக்கூடம். மேலதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் படித்துத்தான் கற்றார்கள். அந்த அலுவலகம் உதகமண்டலத்தில் பல காலம் இருந்து, 1966-இல் மைசூருக்கு வந்தது. நம்மில் எத்தனை பேர் மைசூர் அரண்மனையையும் மிருகக்காட்சி சாலையையும் பார்த்துவிட்டு இதைத் தெரியாமலே திரும்பியிருக்கிறோம்!

பல்கலைக்கழகம் பிறகுதான் வந்தது. 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் ஒரு துறை தொடங்கியபோது அதன் முதல் பேராசிரியராகப் போனவர், கும்பகோணம் அருகே சாக்கோட்டையில் பிறந்த சா. கிருஷ்ணசாமி அய்யங்கார். அதற்கு முன் அவர் எங்கே இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? நம்ம பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1929-இல் அவர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு வந்தவர் நீலகண்ட சாஸ்திரியார். கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரி, காசி இந்துப் பல்கலைக்கழகம், சிதம்பரம், சென்னை, ஓய்வுக்குப் பின் 1952 முதல் மைசூர் என்று அவர் சுற்றிய சுற்றைப் பார்த்தால், வேலை இருக்கும் ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டு போகும் நம்மைப் போன்றவர்தான் அவரும் என்று தோன்றுகிறது. 'சோழர்கள்' நூலின் முதல் பகுதி 1935-இல் வந்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மாகாணம் முழுவதற்கும் இப்படிப்பட்ட பேராசிரியர் நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் ஒருவர் பதினைந்து ஆண்டு உட்கார்ந்தால், அவரிடம் படித்தவர்கள் எங்கே போவது?

இதற்கு விடையாக ஒரு பெண்மணியின் வாழ்க்கை இருக்கிறது. கடாம்பி மீனாட்சி, 1905-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயாரின் துணையில் வளர்ந்தார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். எம்.ஏ. படிக்கச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போனபோது அங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை. அவருடைய சகோதரர் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகே இடம் கிடைத்தது. நீலகண்ட சாஸ்திரியாரின் வழிகாட்டுதலில் பல்லவர் கால ஆட்சிமுறையையும் சமூக வாழ்க்கையையும் ஆராய்ந்து, 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்தைப் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். ஆய்வேடு 1938-இல் நூலாக வந்தது. இன்றும் பல்லவர்களைப் பற்றி எழுதுகிறவர் யாரும் அந்த நூலைத் தொடாமல் எழுத முடியாது.

இவ்வளவும் இருந்தும் வேலை கிடைக்கவில்லை. ஓராண்டு ஈராண்டு அல்ல, பட்டம் வாங்கி மூன்றாண்டு நிலையான வேலைக்காகக் காத்திருந்தார். கடைசியில் 1939-இல் மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயில் அவரைப் பெங்களூர் மகாராணி கல்லூரியில் உதவிப் பேராசிரியராக நியமித்தார். தாய்நாட்டில் திறக்காத கதவு இங்கே திறந்தது. ஆனால் அந்த வேலையில் அவர் ஓர் ஆண்டுகூட நிலைத்திருக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1940 மார்ச் மாதம் காலமானார். முப்பத்தைந்து வயது நிறையவில்லை. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றி அவர் எழுதி வைத்த நூலைத் தொல்லியல் துறை அடுத்த ஆண்டு, 1941-இல், வெளியிட்டது. பல்லவ மன்னர்கள் முடிசூடியதும் போரிட்டதும் அந்தக் கோயில் சுற்றில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் இன்னது இன்ன நிகழ்ச்சி என்று அடையாளம் காட்டியது அவருடைய பெரும் பணி. மகாராணி கல்லூரி வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கும்பகோணம் பாணாதுரை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர் சதாசிவ பண்டாரத்தார். எம்.ஏ. வரலாறு படித்தவர் அல்லர். பாடம் எடுத்த நேரம் போக, சுற்றுவட்டாரக் கோயில் கல்வெட்டுகளைத் தாமே படித்துத் தமிழிலேயே எழுதினார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. பிற்காலச் சோழர் வரலாறு அங்கிருந்துதான் வந்தது. வடக்கேயும் இதே கதை உண்டு. முகலாயர் வரலாற்றை எழுதிய ஜாதுநாத் சர்க்கார் எம்.ஏ. வாங்கியது ஆங்கில இலக்கியத்தில். ஆக, பட்டம் பெற்றவருக்கு நாற்காலி கிடைக்காததும், வேறு நாற்காலியில் இருந்தவர் இந்த வேலையைச் செய்ததும் சேர்ந்துதான் இந்தத் துறையின் கதை. மேலே போனவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அலிகாரில் இடைக்காலம் கற்பித்த நூருல் ஹசன் 1971-இல் மத்தியக் கல்வி அமைச்சரானார். சதீஷ் சந்திரா 1976-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரானார். அவர்களைக் காட்டி ஒரு பிள்ளையை இதில் சேர்ப்பது, சச்சினைக் காட்டிக் கிரிக்கெட் கிளப்பில் சேர்ப்பது மாதிரி.

சரி, இன்றைக்கு என்ன வழி? கல்லூரி ஆசிரியர் வேலைதான் பெரிய வாசல். அதற்கு நெட் தேர்வு அல்லது முனைவர் பட்டம் என்று வழி நீளும். நிரந்தர இடங்களைவிடக் கௌரவ விரிவுரையாளர் இடங்களே அதிகம் கண்ணில் படுகின்றன. ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தச் சம்பளத்தில் காத்திருப்பவர்களை நமக்கெல்லாம் தெரியும். குடிமைப்பணித் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் கலெக்டராகத்தான் போகிறார்களே தவிர, கல்வெட்டுப் பக்கம் வருவதில்லை. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், மாநிலத் தொல்லியல் துறைகள், சுற்றுலா வழிகாட்டிகள் என்று மற்ற வாசல்கள் சிறியவை. புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோயில் கோயிலாகப் போய் அவர்கள் எடுத்து வைத்த புகைப்படங்கள், பிற்காலத்தில் களவு போன சிலைகளை அடையாளம் காட்டச் சாட்சியாயின. ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-இல் திரும்பி வந்ததில் அந்தப் படத்துக்குப் பங்கு உண்டு. அதற்கு முன்பே பத்தூர் நடராசர் வழக்கில் லண்டன் நீதிமன்றத்தில் நாகசாமி அவர்கள் நிபுணராகச் சாட்சி சொன்னார். அச்சிலை 1991-இல் திரும்பி வந்தது. சோழர் காலச் செப்புத் திருமேனியைப் பற்றிய படிப்பு குறுக்கு விசாரணையில் தாக்குப்பிடித்ததை அன்று உலகம் பார்த்தது.

கல்வெட்டுப் படிப்புக்குப் போக விரும்புகிறவர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். இந்தியத் தொல்லியல் துறை 1959-இல் தொடங்கிய பள்ளி, இப்போது கிரேட்டர் நொய்டாவில் ஒரு கல்வி நிறுவனமாக முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்துகிறது. பண்டை அல்லது இடைக்கால வரலாற்றில் எம்.ஏ. இருந்தால் விண்ணப்பிக்கலாம், செம்மொழிகளில் எம்.ஏ. இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். 2020 அக்டோபரில் வந்த அறிவிப்பில் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபு, பாரசீகம் எல்லாம் இருந்தன, தமிழ் இல்லை! எதிர்ப்பு எழுந்த சில நாட்களில் தமிழோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகியவையும் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்டில், மைசூரில் உள்ள தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை ஆறு மாதத்துக்குள் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மைப்படி எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதில் நமக்குள் சூடான பேச்சு நடந்தது. யார் படிப்பது என்ற பேச்சு அவ்வளவு நடக்கவில்லை. நூறு வருடத்துக்கு முன் படியெடுத்த கல்வெட்டுகள் பல, இன்றும் ஆண்டறிக்கையில் நான்கு வரிச் சுருக்கமாகவே இருக்கின்றன. முழு வாசகம் அச்சேறவில்லை. தாள் பழுப்பேறிக்கொண்டே போகிறது. கோயில் திருப்பணி என்ற பெயரில் மூலக் கல்லே மறைந்துபோன இடங்களில் அந்தத் தாள் ஒன்றுதான் மிச்சம்.

இந்தப் படிப்பில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பார்க்க நாம் தஞ்சாவூருக்குப் போக வேண்டியதில்லை. பெங்களூர் தொம்மலூரில் சொக்கநாதர் கோயில் இருக்கிறது. பக்கத்திலேயே ஐ.டி. கம்பெனிகள். அந்தக் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இலூயிஸ் ரைஸ் 1905-இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டத் தொகுதியில் அச்சாகியும் இருக்கின்றன. ஊருக்குத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர். இராசேந்திரசோழ வளநாட்டு இலைப்பாக்க நாட்டில் இருந்தது. இலைப்பாக்கம்தான் இன்றைய எலஹங்கா. வளநாடு என்றால் என்ன, நாடு என்றால் என்ன, போசளர் ஆண்டபோதும் சோழன் பெயரே ஏன் நிலைத்தது, பட்டணம் என்று சொன்னால் அங்கே யார் இருந்தார்கள், 'தேசி' என்ற சொல் எந்த வணிகக் குழுவை நினைவூட்டுகிறது? ஒரே ஒரு ஊர்ப்பெயருக்குள் இத்தனை கேள்வி. ஜப்பானியரான நொபொரு கராஷிமா, நம் சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் கணினியில் ஏற்றி 1978-இல் வெளியிட்டபோது, அது வரலாறா கணக்கா என்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதை அப்படி எண்ணித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. கணினி தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இதில் வேலை இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இங்கே வளரும் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, பள்ளியில் கன்னடம் படிக்கிறது. கோலார், பெங்களூர்ப் பக்கக் கோயில்களில் இரண்டு மொழியும் அடுத்தடுத்து நிற்கின்றன. சென்னையில் படித்தவருக்கு ஒன்று வரும், தார்வாடில் படித்தவருக்கு மற்றது வரும். இரண்டும் வருகிறவர் குறைவு. ஆனால் வீட்டில் பேசும் தமிழ் போதாது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அதன்மேல் கிரந்தமும் வட்டெழுத்தும் வேண்டும். எம்.ஏ. சேருவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கும், பட்டம் வாங்கிய பிறகு தொடங்கும் பிள்ளைக்கும் ஐந்து வருட வித்தியாசம் விழும். அரசு வேலையில் வயது வரம்பு என்று ஒன்று இருக்கிறதே!

மும்பை, புனே சங்கத்து நண்பர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. தஞ்சை மராட்டியர் காலத்து ஆவணங்கள் மூட்டை மூட்டையாக மோடி எழுத்தில் இருக்கின்றன. இடைக்காலம் முடியும் இடம் அது. தமிழும் மராத்தியும் தெரிந்து மோடியும் படிக்கத் தெரிந்தவர்கள் தஞ்சையில் மிகச் சிலர். மோடி எழுத்துக்கு மகாராஷ்டிரத்தில் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. சில மாதப் படிப்புதான், எம்.ஏ. படிக்கும்போதே முடித்துவிடலாம்.