மன்னர் ஆஸ்கரின் பரிசும் ஒரு பிழையின் சரித்திரமும்

கேயாஸ் என்ற பெயரால் இன்று வழங்கும் ஒழுங்கின்மைக் கோட்பாட்டைக் கற்கத் தொடங்குகிறவர்களுக்கு, அது கணிப்பொறியோடு கூடப் பிறந்த சாஸ்திரம் என்ற எண்ணமே முதலில் உண்டாகிறது. அறிமுக நூல்களும் பெரும்பாலும் 1960-களிலிருந்தே கதையை ஆரம்பிக்கின்றன. ஆனால் அதன் முதல் அத்தியாயம் அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்வீடன் தேசத்துத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில், ஓர் அரசரின் பிறந்தநாளை முன்னிட்டு நடந்த பரிசுப் போட்டியில் எழுதப்பட்டது. அதுவும் பரிசு பெற்ற கட்டுரையின் சிறப்பினால் அன்று, பரிசளித்த பிறகு அதில் தென்பட்ட ஒரு பெரும் பிழையினால்.

ஸ்வீடனையும் நார்வேயையும் சேர்த்து ஆண்ட இரண்டாம் ஆஸ்கர் மன்னருக்குக் கணிதத்தின்மேல் மெய்யான பற்று உண்டு. அவருடைய ஆதரவைப் பெற்றுத்தான் கோஸ்டா மிட்டாக்-லெஃப்லர் என்ற பேராசிரியர் 1882-இல் ‘ஆக்டா மாதமாடிகா’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். 1870-இல் மூண்ட யுத்தத்துக்குப் பின் பிரெஞ்சு அறிஞர்களும் ஜெர்மானிய அறிஞர்களும் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கிய அந்நாளில், இரு சாராரும் ஒருங்கே எழுதக்கூடிய இடமாக அச்சஞ்சிகையை அவர் வளர்த்தது சிறிய சேவையன்று. 1889 ஜனவரி 21-ஆம் தேதி மன்னருக்கு அறுபது வயது நிரம்புவதை ஒட்டி, தங்கப் பதக்கமும் 2,500 குரோனரும் கொண்ட ஒரு பரிசை மிட்டாக்-லெஃப்லர் ஏற்பாடு செய்து, 1885-இல் அறிவிப்பு வெளியிட்டார். பெர்லினிலிருந்து வையர்ஷ்ட்ராஸும், பாரிஸிலிருந்து எர்மீட்டும், ஸ்டாக்ஹோமிலிருந்து தாமுமாக மூவர் நடுவராயிருப்பதென்றும் முடிவாயிற்று.

கேட்கப்பட்ட நான்கு கேள்விகளில் முதலாவது, நியூட்டன் காலத்திலிருந்து தீராமல் நின்ற கேள்வி. ஆகர்ஷண விதிக்குக் கட்டுப்பட்டு ஒன்றையொன்று இழுக்கும் பொருள்கள் இரண்டே ஆனால், அவை எக்காலத்தில் எங்கே இருக்குமென்று நியூட்டனின் கணிதம் திட்டமாகச் சொல்லிவிடும்; மூன்றாவது ஒன்று சேர்ந்ததும் கணக்கு கைக்கு அடங்காமற் போகிறது. கிரகங்கள் யாவும் தத்தம் வழியிலேயே என்றென்றும் சஞ்சரிக்குமா, அல்லது யுகங்கள் கழிந்தபின் ஏதேனும் ஒன்று வழி தவறிப் போகுமா என்ற ஐயத்துக்கு லாப்லாஸ் போன்ற மேதைகள் கூறிய விடைகளெல்லாம் தோராயமான கணக்குகளின் மேல் நின்றவை. கிரக மண்டலத்தின் ஸ்திரத்தன்மையை நிரூபிக்கும் வழி தமக்குக் கிடைத்துவிட்டதென்று டிரிஷ்லே என்ற கணித அறிஞர் தம் நண்பர் ஒருவரிடம் கூறிவிட்டு, ஒரு வரியும் எழுதி வைக்காமல் 1859-இல் காலமாகிவிட்டார். அந்த இழந்த நிரூபணத்தைத் திரும்பப் பெறும் ஆசையும் பரிசு அறிவிப்பில் ஒலித்தது.

வந்து சேர்ந்தவை பன்னிரண்டு கட்டுரைகள். எழுதியவர் பெயரை மறைத்து ஓர் அடையாள வாக்கியத்தை மட்டும் கட்டுரையின் தலையில் எழுத வேண்டுமென்பது விதி. நட்சத்திரங்கள் தமக்கு வகுத்த எல்லையை ஒருநாளும் தாண்டமாட்டா என்ற கருத்துள்ள லத்தீன் வாக்கியத்தைத் தாங்கி வந்த கட்டுரை, பாரிஸில் பேராசிரியராயிருந்த ஹென்றி புவான்காரேயினுடையது என்பதில் நடுவர்களுக்கு ஐயமே எழவில்லை. பொது வினாவுக்கு அவர் முழு விடை கண்டாரில்லை; ஆயினும் மூன்று பொருள்களின் இயக்கத்தைப் பற்றி அவர் திறந்துவிட்ட புதிய வாயில்களைக் கண்டு வியந்த நடுவர்கள் ஒருமனதாக அவரையே தேர்ந்தெடுத்தனர். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு.

அவர் கையாண்ட முறையைச் சற்றே நின்று பார்ப்பது அவசியம். இன்று நேரியலற்ற இயக்கவியலைக் கற்கும் மாணவர் முதலாண்டில் பயிலும் கருவிகளுள் சில அன்றைக்கு உருவானவையே. மூன்று பொருள்களுள் ஒன்று மிகச் சிறிதாயிருந்து, மற்ற இரண்டின் போக்கைச் சிறிதும் பாதிக்காத எளிய வகையை அவர் எடுத்துக்கொண்டார். அச்சிறு பொருளின் பாதை முழுவதையும் பின்தொடர்வதை விட்டு, குறுக்கே ஒரு தளத்தை மனத்தால் நிறுத்தி, பாதை அதைக் கடக்கும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்துக்கொண்டு போனார். ஒரே வழியில் திரும்பத் திரும்பச் சுற்றும் பாதை அத்தளத்தில் அசையாத ஒரு புள்ளியாகத் தோன்றும். காலம் செல்லச் செல்ல அப்புள்ளியை நெருங்குகிற பாதைகள் ஒரு கோட்டிலும், அதனின்று விலகிப் போகிற பாதைகள் வேறொரு கோட்டிலும் அமையும். விலகிச் செல்லும் கோடு சுற்றி வந்து, நெருங்கும் கோட்டோடு இசைந்து ஒன்றாகிவிடுமென்று பரிசுக் கட்டுரையில் அவர் கொண்டார். அவ்வாறாயின் இரண்டும் சேர்ந்து மூடிய எல்லையாகி, உள்ளே இயங்குவது உள்ளேயே இயங்கும்; ஸ்திரத்தன்மைக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

கட்டுரையை அச்சுக்குச் சித்தம் செய்யும் பொறுப்பு எட்வர்ட் ஃபிராக்மேன் என்ற இருபத்தைந்து வயது இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பாவே கொண்டாடிய ஒரு கட்டுரையை, ஒவ்வோர் அடியும் தமக்கு விளங்கினாலன்றி மேலே போகாமல் வாசித்த அந்த உழைப்பை எவ்வளவு போற்றினாலும் தகும் என்பது என் துணிபு. 1889 ஜூலையில் சில இடங்கள் தெளிவாயில்லை என்று அவர் கேட்டார். புவான்காரே விளக்கம் எழுதினார். அந்த விளக்கங்களில் ஈடுபட்டிருக்கையில், கேட்கப்படாத வேறோர் இடத்தில் இன்னும் ஆழமான பிழை இருப்பதை அவரே கண்டார். நவம்பர் மாத இறுதியில், அச்சை நிறுத்துமாறு ஸ்டாக்ஹோமுக்குத் தந்தி போயிற்று.

அதற்குள் அச்சு முடிந்து, சில பிரதிகள் அறிஞர்களின் கைக்கும் போய்விட்டன. மன்னரின் கௌரவமும், நடுவர்களின் பெயரும், சஞ்சிகையின் வருங்காலமும் ஊசலாடுவதை உணர்ந்த மிட்டாக்-லெஃப்லர், காரணத்தை விரித்துக் கூறாமலே பிரதிகளைத் திரும்பப் பெற்று அழித்தார். வீணான அச்சுக்கூலியைப் புவான்காரேயே தரவேண்டுமென்று கேட்க, அவரும் தடை சொல்லாமல் இசைந்தார். அத்தொகை 3,585 குரோனரும் 63 ஓரேயும், அதாவது பெற்ற பரிசைக் காட்டிலும் ஆயிரத்துக்கு மேல் அதிகம்.

பணத்தை இழந்த அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் பெருஞ்செல்வத்தைக் கண்டெடுத்தார். அவ்விரு கோடுகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை; குறுக்காக வெட்டிக்கொள்கின்றன. வெட்டும் புள்ளி இரண்டு கோடுகளிலும் இருப்பதால், அங்கிருந்து புறப்பட்ட பாதை அடுத்த முறை தளத்தைக் கடக்கும் புள்ளியும் இரண்டிலும் இருந்தே தீரவேண்டும், அதற்கடுத்ததும் அவ்வாறே. ஆகவே ஒருமுறை வெட்டினால் எண்ணிறந்த முறை வெட்டியாக வேண்டும். வெட்டுகளுக்கிடையே அகப்படும் பரப்புகள் குறையாமல் இருக்கவேண்டியிருப்பதால், அசையாப் புள்ளியை அணுக அணுக அவை மெலிந்து நீண்டு, தம்மேலேயே மடிந்து மடிந்து, கண்கள் முடிவில்லாமல் நெருங்கிய வலையாகின்றன. அந்த உருவத்தின் சிக்கல் தம்மைத் திகைக்க வைக்கிறதென்றும், அதை வரைந்து காட்டத் தாம் முயலப்போவதில்லை என்றும் பின்னர் 1899-இல் வெளிவந்த ‘வான இயக்கவியலின் புதிய முறைகள்’ என்ற நூலின் மூன்றாம் பாகத்தில் அவர் எழுதினார். அந்த வலைக்குள் அடுத்தடுத்துத் தொடங்கும் இரு பாதைகள் வெகு விரைவில் வெவ்வேறு திசைகளுக்குப் போய்விடும்; விதி திட்டமானது, விளைவோ முன்கூட்டி அறியத் தகாதது. 1908-இல் அவர் எழுதிய ‘விஞ்ஞானமும் முறையும்’ என்ற நூலில் இக்கருத்து வானிலைக்கும் பொருத்திப் பேசப்படுகிறது. மழைக்காகப் பிரார்த்திப்பது இயல்பென்று எண்ணும் ஜனங்கள், கிரகணத்துக்காகப் பிரார்த்திப்பதை ஏன் நகைப்புக்கிடமாகக் கருதுகிறார்கள் என்று அவர் அங்கே எழுப்பிய கேள்வி, எத்தனை முறை படித்தாலும் என்னைச் சிந்திக்க வைக்கிறது.

அதன்பின் நேர்ந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். புவான்காரே 1912-இல், ஒரு தேற்றத்தை நிரூபணமின்றி வெளியிட்ட சில மாதங்களில் காலமாக, அமெரிக்காவில் பிர்க்காஃப் என்ற கணித அறிஞர் மறு ஆண்டே அதை நிரூபித்துத் தம் ஆயுளின் பெரும்பகுதியை அவ்வழியிலேயே செலவிட்டார். அவரிடம் ஹார்வர்டில் பயின்றவர்களுள் எட்வர்ட் லோரென்ஸும் ஒருவர். 1961-இல் கணிப்பொறியில் வானிலைக் கணக்கொன்றை மீண்டும் ஓட்டுகையில் .506127 என்பதற்குப் பதில் .506 என்று இட்டு, சிறிது நேரத்தில் முற்றிலும் வேறான வானிலையைக் கண்டவர் அவரே. அவருடைய கட்டுரை 1963-இல் வெளிவந்தது. கேயாஸ் என்ற பெயர் இந்தக் கணிதத்துக்கு வழங்கியதோ 1975-க்குப் பிறகுதான்.

1890-இல் ஆக்டாவின் பதின்மூன்றாம் தொகுதியில் 270 பக்கங்களாக வெளியான கட்டுரையின் முன்னுரையில், ஒரு நுட்பமான இடத்தைச் சுட்டிக்காட்டி முக்கியமான பிழை ஒன்றைத் திருத்திக்கொள்ள உதவியவரென்று ஃபிராக்மேனுக்குப் புவான்காரே நன்றி கூறியிருக்கிறார். பிழையின் அளவையோ அழிக்கப்பட்ட பதிப்பையோ பற்றி வாசகர் அறிய வழியில்லை. மிட்டாக்-லெஃப்லரின் நிலையிலிருந்து பார்க்கும்போது அவர் செய்ததை என்னால் கடிந்துரைக்க முடியவில்லை. ஆயினும் ஒரு கண்டுபிடிப்பு எப்படி நிகழ்ந்ததென்ற விவரம் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக் காலம் கற்பவர்களுக்கு எட்டாமல் போனதும் மெய்தான். அழிவுக்குத் தப்பிய ஒரு பிரதி, ‘பதிப்பு முழுவதும் அழிக்கப்பட்டது’ என்ற அவர் கைக்குறிப்போடு, ஜூர்ஸ்ஹோமில் அவர் பெயரால் விளங்கும் கணித நிலையத்தில் இருக்கிறது. 1997-இல் ஜூன் பாரோ-கிரீன் என்ற சரித்திர ஆசிரியை இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டு நூலாக வெளியிட்ட பின்னர், மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்கலாம்: முன்னதில் கோடுகள் மூடிக்கொள்வதாக நிறுவிய இடத்தில், பின்னதில் ஒரே சுழற்பாதையினின்று விலகி மீண்டும் அதனையே அணுகும் பாதைகள் எண்ணிறந்தன உண்டு என்ற நிரூபணம் நிற்கிறது.