மலையடிவாரத்துக் கூட்டுப்பாடம்

கல்லூரி மலருக்கு வரலாறு எழுதுவதென்றால் அதற்கு ஒரு தடம் உண்டு: அடிக்கல், திறப்பு விழா, முதல்வர்கள் பட்டியல், புதுக் கட்டடம். அவையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் இருக்கின்றன. தத்துவத்தையும் அரசியலையும் சேர்த்துப் படிப்பது பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டார்கள். பட்டப்படிப்பு என்று பார்த்தால் அதன் முகவரி ஆக்ஸ்ஃபோர்டு. தத்துவம், அரசியல், பொருளியல் மூன்றையும் ஒரே பட்டத்துக்குள் வைத்து 1920-இல் அங்கே தொடங்கினார்கள். கிரேக்கமும் லத்தீனும் படிக்காமலே பொதுவாழ்வுக்கு வர விரும்பியவர்களுக்கான படிப்பு அது. பேநசீர் பூட்டோவும் ஆங் சான் சூகியும் அதைப் படித்தவர்கள்.

பட்டத்தை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் பார்த்தால், நம் ஊரான திருவண்ணாமலை ஆக்ஸ்ஃபோர்டுக்கு மூன்று வருடம் மூத்தது.

1917 ஜூலையில், மலைமேல் கந்தாசிரமத்தில் ரமணரைச் சுற்றி உட்கார்ந்து சிலர் கேள்வி கேட்டார்கள். கேள்விகளையும் விடைகளையும் காவ்யகண்ட கணபதி முனி வடமொழிச் சுலோகங்களாக்கினார். 1913-இல் நடந்த உரையாடலும் சேர்ந்து பதினெட்டு அத்தியாயங்களில் உருவானதுதான் ‘ரமண கீதை’. அதை வேதாந்த நூல் என்று அலமாரியில் வைத்துவிடுகிறோம். பத்தாம் அத்தியாயத்தைத் திறந்தால் வேறொன்று கிடைக்கும். தனிமனிதனுக்கும் சமூகத்துக்கும் என்ன உறவு என்று யோகநாத யதி என்ற துறவி கேட்கிறார். சமூகம் உடல், மனிதர்கள் அதன் உறுப்புகள் என்று விடை தொடங்கி, சமத்துவ உணர்வில் விளையும் சகோதரத்துவமே மனித சமுதாயம் அடைய வேண்டிய உயர்ந்த இலக்கு என்ற இடத்துக்கு வருகிறது. அரசியல் கோட்பாட்டு வகுப்பில் முதல் வாரம் நடத்த வேண்டிய பாடம் இது.

பதின்மூன்றாம் அத்தியாயம் இன்னும் கூர்மையானது. கணபதி முனியின் மனைவி விசாலாட்சி அம்மாள், பெண்களுக்குத் துறவு கொள்ளும் உரிமை உண்டா என்று கணவர் வழியாகக் கேட்கிறார். சாத்திரத்தில் தடை இல்லை என்கிறார் ரமணர். ஞானத்திலும் முக்தியிலும் ஆண் பெண் வேறுபாடு கிடையாது; ஞானம் அடைந்த பெண்ணின் உடலை எரிக்கவும் கூடாது. கேள்வி தத்துவம், விடை உரிமை. ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த விடை ஊரின் வரைபடத்தையே மாற்றியது. 1922 மே மாதம் ரமணரின் தாய் அழகம்மாள் காலமானபோது அவரை எரிக்கவில்லை, மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். அதே ஆண்டு இறுதியில் ரமணர் கீழே இறங்கி வந்தார். ஆசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றித்தான் வளர்ந்தது. இன்று செங்கம் சாலையில் வெளிநாட்டார் கூட்டமாக நடந்து போகும் இடத்துக்கு மூலக்காரணங்களில் ஒன்று, ஒரு பெண் எழுப்பிய உரிமைக் கேள்வி. வழிகாட்டிப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை.

நிறுவனம் வளர்ந்தால் வழக்கும் வரும். ஆசிரமத்தின் நிர்வாக உரிமை பற்றிய வழக்கில், 1936-இல் ரமணரையே கமிஷன் வைத்து விசாரித்தார்கள். வாழ்வின் நிலைகளான நான்கு ஆசிரமங்களில் நீங்கள் எதைச் சேர்ந்தவர் என்று கேட்டார்கள். நான்குக்கும் அப்பாற்பட்ட நிலை என்பது அவர் பதில். சட்டம் கேட்பது சொத்தை வைத்திருப்பவர் யார் என்பதை. தத்துவம் கேட்பது ‘யார்’ என்பதையே. இரண்டு கேள்விகளும் ஒரே வாக்குமூலத்தில் மோதிக்கொண்ட ஆவணம் நம் ஊரில் இருக்கிறது. சட்டக் கல்லூரிகளில் இதை எடுத்து நடத்தினால் மாணவர்கள் தூங்கமாட்டார்கள்.

1938 ஆகஸ்டில் ராஜேந்திர பிரசாதும் ஜம்னாலால் பஜாஜும் வந்து சில நாட்கள் தங்கினார்கள். பிரசாத் அதிகம் பேசவில்லை. பஜாஜ் கேட்டார். சுயராச்சியத்தை விரும்புவது சரியா என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று. அந்த விருப்பம் சுயநலத்தில் தொடங்கினாலும், அதற்காக உழைக்க உழைக்கப் பார்வை விரிந்து, மனிதன் நாட்டோடு கரைந்துபோகக் கூடும் என்ற பொருளில் பதில் வந்தது. துறவியிடம் வேறு பதில் எதிர்பார்த்து வந்தவர்களும் இருந்திருக்கலாம்.

இதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது? 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் 1927-இல் இந்தியத் தத்துவத்துக்கு ஒரு துறை வைத்தது. அரசியலும் பொது நிர்வாகமும் இன்னொரு துறையாயின. ஆளுக்கொரு துறைத்தலைவர், ஆளுக்கொரு நூலக அலமாரி. ஆனால் சுவரை மனிதர்கள் தாண்டிக்கொண்டே இருந்தார்கள். முதலில் தாண்டியவர் நம் பக்கத்து ஆள். திருத்தணியில் பிறந்து வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் எடுத்ததே தற்செயல்தான். உறவுக்காரப் பையன் ஒருவன் படித்து முடித்த உளவியல், தருக்கம், அறவியல் பாடப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன. வசதியில்லாத வீட்டுக்கு அது போதுமான காரணம். ஆனால் 1908-இல் அவர் எழுதிய எம்.ஏ. ஆய்வுரை தற்செயல் அல்ல. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று மிஷனரிப் பேராசிரியர்கள் வகுப்பில் சொன்னதற்கு அது மறுப்பு. தலைப்பு வேதாந்தத்தின் அறவியல். உள்ளே இருந்தது அடிமை நாட்டு மாணவனின் பதிலுரை. அந்த மாணவர் 1962-இல் குடியரசுத் தலைவரானார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர், 1938-இல் நம் ஊரில் பேசாமல் உட்கார்ந்திருந்த அதே பிரசாத்.

டி. எம். பி. மகாதேவன் வழி வேறு. இளவயதிலேயே ரமணரைத் தரிசித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத் தத்துவத் துறைக்குத் தலைவரானார், 1959-இல் ரமணரின் தத்துவம் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 1964-இல் அங்கே உயராய்வு மையம் அமைந்தபோது இயக்குநரும் அவரே. பிறகு அது ராதாகிருஷ்ணன் பெயரைத் தாங்கியது. மகாதேவனால்தான் நம் மலை பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் உள்ளே போனது அத்வைதப் பாதி. விசாலாட்சி அம்மாளின் கேள்வியும் பத்தாம் அத்தியாயத்தின் சமூகப் பாடமும் அரசியல் துறையின் வாசல்வரை போய்ச் சேரவில்லை.

வெளியே மக்கள் வேறு பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். 1957 பொதுத்தேர்தலில் திமுக முதன்முறையாக நின்றது. நாடாளுமன்றத்துக்குக் கிடைத்த இடம் இரண்டு. நாமக்கல்லில் ஈ.வெ.கி. சம்பத், இன்னொன்றில் தருமலிங்கம். அந்த இன்னொன்று திருவண்ணாமலை. சட்டமன்றத்துக்கும் ப. உ. சண்முகம் இங்கிருந்து போனார். தீபத்துக்கு மலையைப் பார்த்துக் கைகூப்பும் ஊர், பகுத்தறிவு பேசிய கட்சியைத் தேர்ந்தெடுத்தது. முரண் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்பிக்கையையும் வாக்கையும் தனித்தனியாகக் கையாளத் தெரிந்த மக்கள், கடவுள் பற்றிய கேள்வியையும் அதிகாரம் பற்றிய கேள்வியையும் குழப்பிக்கொள்ளவில்லை. இரண்டையும் நன்றாகப் பிரிக்கத் தெரிந்தவனுக்குத்தான் சேர்த்துப் படிக்கவும் வரும். அதற்கு மூன்றாண்டு வகுப்பு ஒன்று இருந்தால் நல்லது என்பதே என் வழக்கு.

சேர்த்து வைக்கும் கலையும் இங்கே பழையதுதான். ஒய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் நம் ஊரைத் தலைநகராக வைத்து ஆண்டு, 1342-43 வாக்கில் மதுரை சுல்தானியத்தோடு நடந்த போரில் மாண்டான். பிள்ளையில்லாத அவனுக்கு இறைவனே மகனாக வந்தான் என்கிறது தலபுராணம். இன்றும் மாசி மகத்தில் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அவனுக்குத் திதி கொடுக்கிறார். அரசுரிமைக்குக் கோயில் எப்படிச் சான்று தந்தது என்று ஆராய ஆய்வு மாணவருக்கு இதைவிட அருகில் பொருள் கிடைக்காது. மினி பஸ்ஸில் போய் வந்துவிடலாம்.

அரசு கலைக் கல்லூரி 1966-இல் வந்தது. அப்போது தாய்ப் பல்கலைக்கழகம் சென்னை. 2002-க்குப் பின் வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நம் பகுதியில் உருவானதில் இந்தக் கல்லூரியின் பங்கு பெரிது. அந்தப் பிள்ளைகளிடம் ‘தத்துவம் படி’ என்று சொல்லத் தைரியம் வேண்டும். தத்துவத்துக்குத் தனித்துறை உள்ள கல்லூரிகள் மாநிலத்திலேயே விரல்விட்டு எண்ணத் தக்கவை. பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி வேலை, அது நியாயமான கேள்வி.

ஆகவே கூட்டுப் பட்டம் ஒன்றைத் தொடங்கலாம் என்று இம்மலர்க் குழுவில் சிலர் பேசுவதை ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. பாடத்திட்டம் எழுதுவது பெரிய வேலையில்லை. அந்தப் பட்டம் அரசியல் அறிவியலுக்கு இணையா, தத்துவத்துக்கு இணையா, இரண்டுக்குமா என்ற இணைத்தன்மை அரசாணையை முதலில் வாங்கிவிட வேண்டும். அது இல்லாமல் முதல் அணி மாணவர்களைச் சேர்த்தால், ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவர்கள் கோட்டையின் படிகளில் நின்றுகொண்டிருப்பார்கள்.