விடுமுறைப் பட்டியலில் இல்லாத நாட்கள்

திருகோணமலைக்கு வரும் உல்லாசப் பயணிகள் பலர் அரசின் பொது விடுமுறைப் பட்டியலைப் பார்த்தே தமது பயணத்தைத் தீர்மானிக்கின்றனர். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 25 நாட்களைக் கொண்ட அப்பட்டியல், வங்கிகள் என்று மூடியிருக்கும் என்பதைச் சொல்லும். இத்துறைமுக நகர் என்று வாசலில் நிறைகுடம் வைக்கும், என்று துயர் காக்கும் என்பதைச் சொல்லாது. அக்குறையை ஓரளவேனும் நிரப்ப முனைகின்றோம்.

மாதந்தோறும் முழுநிலவு நாளாகிய போயா தினம் விடுமுறையாகும். அன்று மதுபானம் விற்கப்படுவதில்லை. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா தினமே வார விடுமுறையாக இருந்தது. பௌத்தர்களுக்கென வகுக்கப்பட்ட இந்நாள் சைவர்களுக்கும் ஓசையின்றி உதவுகின்றது. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்தரம், சித்திரா பௌர்ணமி ஆகியவை முழுநிலவன்றோ அதனை ஒட்டியோ வருபவை. பட்டியலில் அவற்றின் பெயர்கள் இல்லையாயினும் விடுமுறை பெரும்பாலும் கிடைத்துவிடுகின்றது. மே மாதத்தில் வெசாக் கூடுகள் காண வருவோர் நகருக்கு வெளியேயுள்ள வெல்கம் விகாரையையும் பார்த்தல் நன்று. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் இராசராசப் பெரும்பள்ளி எனக் குறிக்கப்படும் பௌத்தப் பள்ளி அது.

நிலாவெளி, உப்புவெளிக் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. பயணிகள் திரள்வதும் அப்போதுதான். நகரின் பெருவிழாக்களோ தைப்பொங்கல் தொடங்கிச் சித்திரை வரை நடைபெறுகின்றன. ஆகவே வருவோரில் அநேகர் கடலைக் காண்கின்றனர், ஊரைக் காண்பதில்லை. மகா சிவராத்திரியன்று கோணேசர் ஆலயத்தில் இரவு முழுவதும் நான்கு சாமப் பூசைகள் நிகழும். அதனை அடுத்து இறைவன் நகர்வலம் வரும்போது வீதிதோறும் தோரணம் கட்டி, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து மக்கள் காத்திருப்பர். விடுமுறை சிவராத்திரிக்கு மட்டுமே. நகர்வலத்திற்கு இல்லை. எம்மைக் கேட்டால், திருகோணமலையைக் காண மிகச் சிறந்த காலம் அதுவே என்போம்.

அவ்வாலயத்திற்குச் செல்லும் வழி பிரெட்ரிக் கோட்டையினூடாகவே அமைந்துள்ளது. சம்பந்தர் பாடிய அத்தலத்தைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அதன் கற்களையும் கொண்டு கோட்டை எழுப்பினர். இன்றைய ஆலயத்தின் குடமுழுக்கு 1963 இல் நிகழ்ந்தது. சுவாமி மலை கடலைப் படம் பிடிக்கும் மேடையன்று. பாதணிகளைக் கழற்றி, உடலை மறைக்கும் உடையோடு செல்லுதல் வேண்டும்.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் குறித்தும் ஒரு சொல். பயணிகளுக்கு அது குளிக்குமிடம். இவ்வூர்த் தமிழர்க்கோ இறந்தோர்க்குரிய கடன் கழிக்குமிடம். தந்தையை இழந்தோர் விரதம் நோற்கும் ஆடி அமாவாசை, உல்லாசப் பருவத்தின் உச்சத்தில், ஜூலை அல்லது ஓகஸ்ட் மாதத்தில் வருகின்றது. அதுவும் விடுமுறை நாளன்று. அன்று கன்னியா செல்வோர் சற்று ஒதுங்கி நிற்பது பண்பு.

கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் செல்வோர் நோன்பு மாதத்தில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கலாம் என்பதை நினைவிற் கொள்க. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது முதல் அங்கு செல்லப் படகுப் பாதையை நம்பியிருக்க வேண்டியதில்லை. பெருநாள் மாலையில் போய்வருவது எளிது.

சித்திரைப் புத்தாண்டுக்கு ஏப்ரல் 13, 14 ஆகிய நாட்களில் விடுமுறை வழங்கப்படுவது வழக்கம். கடைகள் அதற்கு மேலும் மூடியிருக்கும், பஸ்களில் இடம் கிடைப்பது அரிது. சூரியன் மேட ராசியுள் புகும் இதே காலத்தில்தான் தாய்லாந்தினர் சொங்க்ரான் கொண்டாடி ஒருவர்மீது ஒருவர் நீர் இறைக்கின்றனர். இங்கே பெரியோர் தலையில் மருத்துநீர் வைத்து, பின் கைவிசேடம் வழங்குவர்.

ஆனால் அப்புத்தாண்டுக்குச் சற்று முன்னதான ஏப்ரல் 12 ஐ இந்நகர் வேறுவிதமாகவும் நினைக்கின்றது. 2006 இல் அன்று சந்தையில் குண்டு வெடித்தது. தொடர்ந்து தமிழர்மீது வன்முறை ஏவப்பட்டது. அதே ஆண்டின் ஜனவரி 2 அன்று கடற்கரையில் காந்தி சிலையருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 இல் விடுவிக்கப்பட்டனர். ஆழிப்பேரலை வந்த 2004 டிசெம்பர் 26 ஒரு போயா தினம், நத்தாரின் மறுநாள்.

ஆங்கிலப் புத்தாண்டைக் கொண்டாட வருவோர் மாலையில் உலவச் செல்வது அந்தக் காந்தி சிலைக் கடற்கரைக்கே. ஜனவரி 2 அன்று அங்கு விளக்கேற்றி நிற்போரைக் கண்டால் அவர்கள் யாரென்று அறிந்திருப்பது நலம்.